சந்திப்பும் கடப்பும்: சிராங்கூன் சாலையை வரைந்த கோடுகளின் வரலாறு

நகர வரைபடங்களில் சாலை என்பது பெரும்பாலும் இணையாக ஓடும் இரண்டு மெல்லிய கருங்கோடுகளாகவும், அவற்றின் நடுவே நிரம்பிய வெள்ளை அல்லது மஞ்சள் நிறமாகவும் காட்டப்படுகிறது. ஓரத்துக் கோடுகளை விளிம்பு என்றும், நடுவிலுள்ள நிறத்தை நிரப்பு என்றும், இரண்டும் சேர்ந்த உருவை விளிம்பிட்ட கோடு என்றும் இக்கட்டுரை குறிப்பிடுகிறது. இத்தகைய கோடு தனித்து ஓடும் வரையில் சிக்கல் ஏதும் இல்லை. இன்னொரு விளிம்பிட்ட கோட்டின் மேல் அது வந்து விழும் இடத்தில்தான், இரு சாலைகளும் அங்கே கலக்கின்றனவா அல்லது ஒன்றை மற்றொன்று பாலமாகக் கடந்து செல்கிறதா என்பதை வரைபவர் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. கணினியில் படம் வரைவோர் இதனை மென்பொருளோடு பிறந்த தொல்லையாகக் கருதுவது வழக்கம். ஆனால் கணினிக்கு முன்பே நூறாண்டுகளுக்கும் மேலாக வரைபட அலுவலகங்களிலும் அச்சுக்கூடங்களிலும் கையாளப்பட்டு வந்த தொழில்நுட்பமே மென்பொருளுக்குள் குடியேறியிருக்கிறது என்பதைச் சிங்கப்பூரின், குறிப்பாகச் சிராங்கூன் சாலை வட்டாரத்தின், வரைபட வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

சிங்கப்பூரின் முதல் நகரத் திட்டம் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸின் ஆணைப்படி 1822-ஆம் ஆண்டின் இறுதியில் உருவாகத் தொடங்கியது. லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் வரைந்ததால் ஜாக்சன் திட்டம் எனப்படும் அது, 1828-இல் ஜான் கிராஃபர்டின் நூலோடு லண்டனில் அச்சேறியது. ஐரோப்பியர், சீனர், அரபியர், பூகிஸ் மக்கள் ஆகியோருக்கு ஒதுக்கிய பகுதிகளோடு, தமிழகக் கரையிலிருந்து வந்தவர்களுக்கான சூலியா கம்போங்கும் சிங்கப்பூர் ஆற்றை ஒட்டி அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய திட்டப்படங்களில் சாலை என்ற பொருள் தனியே வரையப்படுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. மனைத் தொகுதிகளின் எல்லைகளே கோடுகளாக வரையப்பட, அவற்றுக்கு இடையில் எஞ்சிய வெற்றுத் தாளே சாலையாக நின்றது. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கு அங்கே வாய்ப்பே இல்லாததால், நாற்சந்தியும் முச்சந்தியும் வரைபவர் எதுவும் செய்யாமலே தாமாகத் திறந்திருந்தன.

திட்டமிட்ட அந்தக் கட்டங்களுக்கு வெளியே, சதுப்பும் தோட்டமுமாகக் கிடந்த நிலத்தின் ஊடாக, தீவின் உட்பகுதியை நோக்கிச் சென்ற பழைய வழிகளுள் ஒன்றே சிராங்கூன் சாலை. சுண்ணாம்பு தயாரிக்கப்பட்ட இடம் என்பதால் அவ்வட்டாரத்தைத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தார்கள். பஃப்ளோ சாலையும், எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லால் அமைந்த கெர்பாவ் சாலையும் மாட்டுக் கொட்டில்களின் நினைவைச் சுமக்கின்றன. 1843-இல் குதிரைப் பந்தயம் தொடங்கிய திடலின் நினைவை ரேஸ் கோர்ஸ் சாலை சுமக்கிறது. அக்காலத்தில் சிங்கப்பூரின் சாலைகளை அமைத்ததில் பெரும்பங்கு, 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தீவில் வைக்கப்பட்டிருந்த தண்டனைக் கைதிகளின் உழைப்புக்கு உண்டு. பொதுப்பணிகளுக்கும் கைதிகளின் உழைப்புக்கும் நில அளவைக்கும் 1833-இலிருந்து ஒருசேரப் பொறுப்பு வகித்தவர் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன். சாலையை நிலத்தில் போடும் வேலையும் தாளில் வரையும் வேலையும் ஒரே மேற்பார்வையில் நடந்த காலம் அது. கோல்மனின் அளவையை அடிப்படையாகக் கொண்ட நகரப் படம் 1836-இல் கல்கத்தாவில் தாசேன் என்பவரால் கல்லச்சில் அச்சிடப்பட்டு வெளிவந்தது. 1841 முதல் 1853 வரை அரசு நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன் அந்தப் பணியை மேலும் விரிவாக்கினார்.

நகரத்தின் எல்லை விரிந்து, முழுத் தீவையும் ஒரே தாளில் காட்ட வேண்டிய தேவை வந்தபோது சாலையின் நிலை அடியோடு மாறியது. ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கும் படத்தில், நிலத்தின் அளவு தாளில் 63,360-இல் ஒரு பங்காகக் குறைகிறது. 10 மீட்டர் அகலமுள்ள சாலை அந்தக் கணக்கின்படி 0.16 மில்லிமீட்டர் அகலமே பெறும். அதாவது இரு ஓரங்களையும் பிரித்துக் காட்டவே இடமிராது. எனவே சாலையை உண்மை அகலத்துக்கு மாறாக, கண்ணுக்குத் தெரியும் ஒரு குறியீடாகப் பெருக்கி வரைய வேண்டியதாயிற்று. தாளில் 1 மில்லிமீட்டர் அகலம் பெற்ற சாலை, நிலத்தில் 63 மீட்டரை விழுங்கியது. மனைகளுக்கு இடையே எஞ்சிய வெளியாக இருந்த சாலை இவ்வாறு தனக்கென அகலமும் விளிம்பும் கொண்ட ஒரு பொருளாக மாறிய அன்றுதான், ஒரு பொருளின் மேல் இன்னொரு பொருள் ஏறும் சிக்கலும் பிறந்தது.

அச்சிக்கலைக் கையால் தீர்த்தவர்கள் படவரைவாளர்கள். அவர்களது முதன்மைக் கருவி, இரண்டு எஃகு அலகுகளுக்கு நடுவே மையைத் தேக்கி, பக்கத்திலுள்ள சிறு திருகால் கோட்டின் தடிமனைக் கூட்டவும் குறைக்கவும் வாய்ப்பளித்த கோட்டுப் பேனா. இத்தகைய இரு முனைகளை ஒரே பிடியில் பொருத்திய இரட்டைப் பேனாவும் இருந்தது. சாலையின் இரு விளிம்புகளையும் ஒரே இழுப்பில், இடைவெளி மாறாமல், அது வரைந்து தந்தது. சிராங்கூன் சாலையில் டன்லப் தெரு வந்து சேரும் முச்சந்தியை எடுத்துக்கொண்டால், சிராங்கூன் சாலையின் கிழக்கு விளிம்பைத் தெருவின் வாய்க்கு நேரே வந்ததும் நிறுத்தி, பேனாவை உயர்த்தி, தெருவின் அகலத்தை விட்டுவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும்; பின்னர் தெருவின் இரு விளிம்புகளையும் அந்த வாயின் இரு முனைகளில் துல்லியமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கை ஒரு மயிரிழை கடந்துவிட்டால் தெருவின் வாய் அடைபட்டுவிடும். அப்போது மை நன்றாக உலரும் வரை காத்திருந்து, கூரிய கத்தியின் நுனியால் அந்தத் துளிக் கோட்டைச் சுரண்டி எடுத்து, கீறலுற்ற தாளின் மேற்பரப்பைத் தேய்த்து மழமழப்பாக்கினார்கள். இல்லையேல் அடுத்து வரும் மை அங்கே கசிந்து பரவும். ஒரு தாளில் எத்தனை சந்திப்புகள் உண்டோ அத்தனை முறை இந்த நிதானம் தேவைப்பட்டது.

பல நிறங்களில் அச்சிடும் முறை பரவியபோது வேலை இரண்டாகப் பிரிந்தது. கருப்புக்கு ஒரு தகடும் சாலையின் நிறத்துக்கு வேறொரு தகடும் தனித்தனியே உருவாயின. நிறத் தகட்டில் சாலைகள் எவ்வளவு வேண்டுமானாலும் ஒன்றோடொன்று கலக்கலாம். ஒரே நிறம் என்பதால் கலந்த இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கருப்புத் தகட்டில் மட்டுமே சந்திப்புகளைத் திறந்தாக வேண்டும். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் உலகின் வரைபட அலுவலகங்களில் பரவிய கீறல் முறையிலும் இதே பிரிவினை தொடர்ந்தது. ஒளி புகாத பூச்சிட்ட பிளாஸ்டிக் தாளில், இரட்டை முனைக் கருவியால் பூச்சை மட்டும் கீறி எடுத்தால், ஒளி புகும் இரு கோடுகள் கிடைக்கும். அவை குறுக்கிடும் இடங்களில் தேவையற்ற துண்டுகளை ஒளிமறைக்கும் திரவத்தால் தூரிகை கொண்டு அடைத்தார்கள்.

அக்காலத்தில் கையாளப்பட்ட இன்னொரு முறையே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனத்தக்கது. எல்லாச் சாலைகளையும் ஒற்றைத் தடித்த கோடுகளாக ஒரு தாளிலும், அதே சாலைகளைச் சற்று மெல்லிய கோடுகளாக இன்னொரு தாளிலும் உருவாக்கி, தடித்த படத்தின்மேல் மெல்லிய படத்தை மறைப்பாக வைத்து ஒளியைச் செலுத்தினால், மெல்லிய கோடு மறைத்த நடுப்பகுதி நீங்கி இரு ஓரங்கள் மட்டுமே பதிவாகும். சந்திப்புகளில் எல்லா மெல்லிய கோடுகளும் ஏற்கெனவே ஒன்றாகக் கலந்திருப்பதால், எந்தச் சந்திப்பையும் தனியே சுரண்டவோ அடைக்கவோ வேண்டியதில்லை. தடித்தவை எல்லாம் முதலில், மெல்லியவை எல்லாம் அவற்றின் மேல் என்ற இந்த வரிசைமுறை, ஒவ்வொரு சந்திப்பாகத் தீர்க்கப்பட்ட ஒரு சிக்கலைப் படம் முழுவதற்கும் ஒரே தடவையில் தீர்த்தது. இன்றைய மென்பொருள் கையேடுகள் கற்பிக்கும் தீர்வு இதனினும் வேறானதன்று.

தமிழ் மரபில் கோடுகள் குறுக்கிடுவதற்கு வேறோர் இலக்கணம் உண்டு என்பதையும் இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தும். புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் சிக்குக் கோலத்தில், ஒரே இழை தன்னைத்தானே பலமுறை வெட்டிச் சென்று தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. வெட்டும் இடத்தில் எது மேலே, எது கீழே என்ற பேதம் இல்லை. அரிசி மாவைக் கரைத்து இடும் இரட்டை இழைக் கோலத்தில், சாலையின் விளிம்புகளைப் போலவே இரு கோடுகள் இணையாக ஓடினாலும், அவை மூலைகளில் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்கின்றன; நான்கு கோடுகளும் அழியாமல் நிற்பதே அக்கோலத்தின் அழகு. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோலத்தைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு இணைத்துக் காட்டியது. கணினி வரைகலை இளந்துறையாக இருந்த அந்நாளிலேயே கோல இழைகள் அதன் ஆய்வுப் பொருளாகிவிட்டன. ஆக, கோடும் கோடும் எதிர்ப்படும் இடத்தில் மூன்று உறவுகள் இருக்கின்றன எனலாம். இரண்டும் அழியாமல் ஒன்றையொன்று துளைத்துச் செல்வது ஊடுருவல். விளிம்புகள் நீங்கி உட்பகுதிகள் ஒன்றாவது கலப்பு. ஒன்று முழுமையாக நின்று மற்றொன்றை மறைப்பது கடப்பு. கோலம் முதலாவதை விரும்புகிறது. பழைய நகரப் படம் இரண்டாவதை வேண்டியது. பாலங்களும் சுரங்கங்களும் நிறைந்த நகரம் மூன்றாவதையும் கேட்கிறது.

கணினி இத்துறைக்குள் நுழைந்த தொடக்கத்தில் மையிட்ட பேனாவை இயந்திரம் நகர்த்தி வரையும் கருவிகளே பயன்பட்டன. பேனாவால் கோட்டைச் சேர்க்க முடியுமே அன்றி, முன்பே இட்ட கோட்டை மறைக்க முடியாது என்பதால், மறைய வேண்டிய பகுதிகளைக் கணக்கிட்டு முன்கூட்டியே நீக்க வேண்டியிருந்தது. ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் 1982-இல் நிறுவிய அடோபி நிறுவனம், 1984-இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரிப்பு மொழி இந்நிலையை மாற்றியது. அதில் ஒவ்வொரு வடிவமும் ஒளி புகாத வண்ணமாகக் கருதப்படுகிறது. பின்னால் பூசப்படுவது முன்னால் பூசப்பட்டதை முழுமையாக மறைக்கிறது. அடிவானத்தை முதலிலும் மரத்தை அதன் மேலும் தீட்டும் ஓவியரின் முறையே இது. இம்மொழியை அடித்தளமாகக் கொண்டு 1987-இல் அடோபி இல்லஸ்ட்ரேட்டர் வெளிவந்தது. கோடுகளைப் புள்ளிகளின் கூட்டமாகப் பதியாமல், அவற்றின் வளைவைக் கணிதச் சமன்பாடாகச் சேமிக்கும் இத்தகைய முறை வெக்டர் வரைகலை எனப்படுகிறது. அதில் வரையப்படும் ஒவ்வொரு கோடும் ஒரு பாதையாகும். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் 2003-இல் இந்த வரிசையில் சேர்ந்தது.

வெக்டர் மென்பொருளில் சாலையை வரைவோர், ஒரு பாதைக்கு 4 புள்ளி தடிமனில் கருப்பும் அதன் மேல் 3 புள்ளி தடிமனில் வெள்ளையும் இடுகிறார்கள். ஒரு புள்ளி என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. எனவே இரு ஓரங்களிலும் அரைப் புள்ளி அகலத்தில் கருவிளிம்பு தெரிகிறது. டன்லப் தெருவை இவ்வாறு வரைந்து முடித்து, அதன் மேல் சிராங்கூன் சாலையையும் இவ்வாறே வரைந்தால், இரண்டாவதாக வந்த சாலையின் கருப்பு முதலில் வரைந்த தெருவின் வெள்ளையின் மீது விழுந்து, தெருவின் வாயை அடைத்துவிடுகிறது. படவரைவாளரின் கத்தி சுரண்டிய அதே துளிக் கோடுதான் இங்கே திரையில் மீண்டும் தோன்றுகிறது. தீர்வும் பழையதே: எல்லாச் சாலைகளின் கருப்பையும் ஓர் அடுக்கில் கீழே வைத்து, எல்லாச் சாலைகளின் வெள்ளையையும் அதற்கு மேலுள்ள அடுக்கில் வைக்க வேண்டும். 2000-இல் வந்த இல்லஸ்ட்ரேட்டரின் 9-ஆம் பதிப்பு, தோற்றப் பண்புகளைத் தனிப் பாதைக்கு மட்டுமன்றி ஒரு குழுவுக்கோ அடுக்குக்கோ மொத்தமாக வழங்கும் வசதியைத் தந்தது. கருப்பையும் வெள்ளையையும் குழுவின் மேல் இட்டால், குழுவிலுள்ள எல்லாப் பாதைகளுக்கும் கருப்பு முதலில் பூசப்பட்டு, அதன்பின் எல்லாவற்றுக்கும் வெள்ளை பூசப்படுகிறது. ஒரே சாலையை இரு முறை படியெடுத்து வைக்கும் தேவையும், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்றை மறக்கும் பிழையும் இதனால் நீங்கின. நிறங்கள் வேறுபடும்போது மட்டும் நிரப்புகளுக்குள்ளும் ஒரு வரிசை தேவைப்படுகிறது: வெள்ளைச் சந்து கீழேயும் மஞ்சள் பெருஞ்சாலை மேலேயும் இருந்தால்தான் பெருஞ்சாலையின் நிறம் சந்தின் வாயில் அறுபடாமல் ஓடும்.

எனினும் இந்த எளிய தீர்வு எல்லாக் குறுக்கீடுகளையும் கலப்பாக்கிவிடுகிறது. அங்கேதான் நவீனச் சிங்கப்பூர் அதனைச் சோதிக்கிறது. தீவு விரைவுச்சாலையும் மத்திய விரைவுச்சாலையும் மற்றச் சாலைகளை மேம்பாலங்களாலும் சுரங்கங்களாலும் கடக்கின்றன. சிராங்கூன் சாலை, அப்பர் சிராங்கூன் சாலையாகப் பெயர் மாறும் வுட்ஸ்வில் பகுதியில் மேம்பாலமும் சுரங்கச் சாலையும் தரைமட்டச் சந்திப்பும் ஒரே இடத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அத்தகைய இடத்தில் எல்லா விளிம்புகளையும் கீழே தள்ளினால், ஓட்டுநர் திரும்பவே முடியாத இடத்தில் திருப்பம் இருப்பதாகப் படம் பொய் சொல்லும். ஆகவே சுரங்கம், தரை, பாலம் என்று மட்டங்களைப் பிரித்து, ஒவ்வொரு மட்டத்துக்குள்ளும் விளிம்பு முதலில், நிரப்பு பிறகு என்ற வரிசையைப் பின்பற்றி, பின்னர் மட்டங்களைக் கீழிருந்து மேலாக அடுக்குகிறார்கள். ஒரே மட்டத்தில் உள்ளவை கலக்கின்றன. வெவ்வேறு மட்டத்தில் உள்ளவை கடக்கின்றன. 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் கூட்டுமுயற்சியில், பாலம், சுரங்கம் என்ற குறிப்போடு அடுக்கு எண்ணையும் சாலைக்குச் சேர்த்துப் பதிவு செய்வதன் நோக்கம் இதுவே.

1987 நவம்பர் 7-ஆம் நாள் இயோ சூ காங்கிற்கும் தோ பாயோவுக்கும் இடையில் ஓடத் தொடங்கிய பெருவிரைவு ரயில், இச்சிக்கலுக்குப் புதிய வடிவம் தந்தது. ரயில் தடப் படத்தில் சந்திப்பு என்பது பயணி வண்டி மாறக்கூடிய நிலையம். கடப்பு என்பது மாற முடியாத வெறும் குறுக்கீடு. இந்தியச் சலவைத் தொழிலாளரின் துறையிலிருந்து பெயர் பெற்ற டோபி காட்டில் மூன்று தடங்கள் உண்மையிலேயே சந்திக்கின்றன. 2003-இல் வடக்கு கிழக்குத் தடத்தின் நிலையமாகத் திறக்கப்பட்ட, சிராங்கூன் சாலை வட்டாரத்து லிட்டில் இந்தியா, 2015 டிசம்பரில் டவுன்டவுன் தடமும் வந்து சேர்ந்தபோது சந்திப்பாயிற்று. ஆனால் 2017 அக்டோபர் 21-ஆம் நாள் டவுன்டவுன் தடத்தின் மூன்றாம் கட்டம் திறந்தபோது, லிட்டில் இந்தியாவின் விளிம்பிலேயே அரிய நிலை ஒன்று உருவானது. ரோச்சோரிலிருந்து புகிஸ் நோக்கிச் செல்லும் அத்தடத்தை, பென்கூலனிலிருந்து ஜாலான் புசார் நோக்கிச் செல்லும் அதே தடம் குறுக்கே வெட்டுகிறது. நிலத்துக்கு 43 மீட்டர் கீழே அமைந்த பென்கூலன் நிலையத்தை அடுத்து, ஒரே நீலக் கோடு தன்னைத்தானே கடக்கும் அந்த இடத்தில் நிலையம் ஏதுமில்லை.

இதனை மென்பொருளில் வரைய முற்படுவோருக்குச் சிக்குக் கோலத்தின் இலக்கணமே எதிர்ப்படுகிறது. ஒற்றைப் பாதை தன்னைத்தானே வெட்டும்போது, மென்பொருள் அதனை ஒரே உடலாகக் கருதிப் பூசுகிறது. நீலத்துக்குக் கீழே அகலமான வெள்ளை விளிம்பு இட்டிருந்தாலும், வெட்டும் இடத்தில் வெள்ளை மறைந்து நீலமும் நீலமும் ஒட்டிக்கொள்கின்றன. அங்கே வண்டி மாறலாம் என்று பயணி தவறாக எண்ணுவதற்கு அது இடம் தருகிறது. அதைத் தவிர்க்க, வெட்டும் இடத்துக்கு இருபுறமும் பாதையைக் கத்தரித்து, நடுத்துண்டைத் தனிப் பாதையாக்கி, அதன் வெள்ளை விளிம்போடு மேலே உயர்த்த வேண்டும். அத்துண்டின் வெள்ளை, நீலத்தைவிட இரு முனைகளிலும் சற்றே குட்டையாக இருப்பது நல்லது. அப்போதுதான் வெட்டிய தழும்பு தெரியாமல் நீலம் தொடர்ந்து ஓடும். மையை உலரவிட்டுச் சுரண்டிய கையின் நிதானம் இங்கேயும் தேவைப்படுகிறது.

இரு நூற்றாண்டுக் காலத்தில் கல், தகடு, பிளாஸ்டிக் தாள், திரை எனக் கருவிகள் மாறிவந்தபோதும், சந்திப்பின் வாயைத் திறந்து வைக்கும் தேவையும், எங்கே கலக்க வேண்டும், எங்கே கடக்க வேண்டும் என்ற தீர்ப்பும் மாறவில்லை. விளிம்பு கீழே, நிரப்பு மேலே என்ற வரிசையை மென்பொருள் செய்துவிடும். தீர்ப்பை, நிலத்தை அறிந்தவரே வழங்க முடியும். ஆதலால் தமிழ் மாணவர்களுக்கு வரைகலை கற்பிப்போர், அறிமுகமற்ற ஊர்களின் படங்களுக்குப் பதிலாகச் சிராங்கூன் சாலையையும் வாசல் கோலத்தையும் முதல் பயிற்சியாக வைத்தால், கருவியோடு காரணமும் சேர்ந்து விளங்கும். சிங்கப்பூரின் பழைய வரைபடங்கள் பல தேசிய ஆவணக் காப்பகத்திலும் தேசிய நூலகத்திலும் பாதுகாக்கப்பட்டு, இணையத்தில் பார்வைக்கும் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பெரிதாக்கிக் காணும் வாசகர், சாலைகளின் பெயர்களைப் படித்ததோடு நிறுத்தாமல், ஒரு தெரு இன்னொரு தெருவைத் தொடும் வாயையும் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். அங்கே திறந்திருக்கும் சிறு வெண்ணிறம், பேனாவை உயர்த்தத் தெரிந்த ஒரு கையின் வேலை.